டாக்டரம்மாவிடம் நான் சொன்ன தப்பான பதில்

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், சிலது மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் சுகுணா சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலைக்குப் போனவள். விஷக்காய்ச்சல் வந்து போன பிறகு, ஆறு மாதமாகியும் தேறவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இரண்டு நாள் படுக்கை.

"படுத்துக்கினே இருந்தா ஒடம்பு எப்படி தேறும்? எழுந்து வேலைய பாரு" என்று விரட்டினேன். விரட்ட விரட்ட மோசமானாள். அம்மா வீட்டில் விட்டுவிடு என்றுகூட மகனிடம் சொன்னேன். அவன் கேட்காமல் எங்களைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டரம்மா தெலுங்கில், "நீரசமா?" என்று கேட்டார். அப்படியென்றால் சோர்வு. நான் முந்திக்கொண்டு, "காதம்மா, பத்தகம்" என்றேன். அப்படியென்றால், அதில்லை, சோம்பல். சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள்.

ரத்தமெல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா தமிழில் சொன்னார்: "பத்தகம் இல்லம்மா. வைரஸ் போனாலும் சிலருக்கு ஒடம்பு சண்டைய நிறுத்தாம இருக்கலாம். காலைல எழுப்பற ஹார்மோன் கொறஞ்சும் இருக்கலாம். எங்களுக்கே முழுசா தெரியல. விரட்டாதீங்க."

எழுப்பிவிடவும் உள்ளே ஒன்று சுரக்கிறதாம். இத்தனை வருடம் நானாகத்தான் எழுகிறேன் என்றிருந்தேன். பஸ்ஸில் வரும்போது, இதையாவது நானாகத்தான் அசைக்கிறேனா என்று என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சுகுணா எங்களோடுதான் இருக்கிறாள். நன்றாக இருக்கும் நாளிலும் பாதி வேலையிலேயே உட்காரவைக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவளையே பேச விடுகிறேன்.

ஹார்மோன் விஷயத்தை நான் சரியாக எழுதினேனா என்று, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.