வாழ்த்து அக்கா போடாத திருத்தம்

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு வரும்போது வாழ்த்து அக்கா வேண்டுமென்றே காலை நீட்டுவார். செருப்பில் பட்டதும் கதவு பின்வாங்கினால், "ம், பரவால்ல, வேலை செய்யுது" என்று காலை இழுத்துக்கொள்வார். அவசரமாக மேலே போகிறவர்கள் முறைப்பார்கள். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தான் இறங்க வேண்டிய மாடிக்கான பொத்தானை அமுக்கிவிட்டு, உடனே இன்னொரு முறையும் அமுக்கி, விளக்கு அணைந்துவிடுகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொழில் அப்படி. அக்கா மென்பொருளைச் சோதிக்கிறவர். மற்றவர்கள் பாடுபட்டு எழுதிக் கொடுப்பதை எந்தப் பக்கம் இடித்தால் விழும் என்று தேடித் தேடி இடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆபீஸ் விட்டு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்குமா? குடை வாங்கப் போன இடத்தில் விரித்து, மடக்கி, மறுபடி விரித்து, தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பார்த்ததில் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அம்மா, அது மழைக்குப் பிடிக்கற குடைம்மா. சண்டைக்கு இல்ல."

கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் அலுக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. "கல்யாணம் ஆன புதுசுல என்னையும் இப்படித்தான் டெஸ்ட் பண்ணினா. நாலஞ்சு தப்பு கண்டுபிடிச்சா. இன்னும் சரி பண்ணாம அப்படியே கிடக்கு." அடுக்களையிலிருந்து பதில் வரும்: "அதையெல்லாம் 'சரியாகாது'ன்னு எழுதி எப்பவோ மூடியாச்சு!"

வாழ்த்து அக்கா என்ற பெயரை வைத்தது டெஸ்டர்கள் குழு. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துவைத்துக்கொள்ள நடத்தும் குழு அது. வாரா வாரம் அதன் செய்தியை எழுதி, குழுவின் இணையப் பக்கத்தில் போட்டு, எல்லோருடைய போனுக்கும் அனுப்புவது அக்காவின் பொறுப்பு. யார் எங்கே சேர்ந்தார், யாருக்குப் பதவி உயர்வு, எந்த ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள், அடுத்த கூட்டம் எங்கே, எல்லாம் அதில் வரும். யாருக்காவது வேலை கிடைத்தால், கிடைத்தவரைவிட அக்காவுக்குத்தான் தலைகால் புரியாது. போனை எடுத்தால் நடை, நடந்தால் போன். காலையில் போட்ட டீ செருப்பு அலமாரியின் மேல் ஆறிக் கிடக்கும். யார் வைத்தது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

செய்தியில் ஒரு எழுத்து தப்பாகிவிட்டால்கூட மறுநாளே திருத்தம் போட்டுவிடுவார். "தப்புன்னு தெரிஞ்சும் விட்டுவைக்கறதுக்கு நான் எதுக்கு டெஸ்டரா இருக்கணும்?" என்பார். அதில் ஒரு கர்வமும் உண்டு.

பொறுமை மட்டும் கிடையாது. யார் எப்போது வேலையில் எத்தனை ஆண்டு முடிக்கிறார் என்று பார்த்து, வாழ்த்தை முன்கூட்டியே எழுதி, அந்த நாளில் தானாகப் போய்ச் சேரும்படி வைத்துவிடுவார். வினை அங்கேதான் பிடித்தது.

தாடி என்று ஒரு பையன். பையன் என்பது அக்காவின் கணக்கு, அவனுக்கே நாற்பது நெருங்குகிறது. ஒரு காலத்தில் அக்காவின் பக்கத்து நாற்காலிக்காரன். பிறகு வேறு நிறுவனத்துக்குப் போய் அங்கேயே பத்து ஆண்டு முடித்தான். அக்கா உருகி உருகி எழுதிவைத்திருந்தார். "தாடி இருக்கும் இடத்தில் தப்புக்கு இடமில்லை. இன்னும் பல பத்தாண்டுகள் அங்கேயே கொடிகட்டிப் பறக்க வாழ்த்துகள்!" சிரித்த முகமாக ஒரு படம் வேறு.

வாழ்த்து போன அன்று காலையில்தான் அவனைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, ஆட்குறைப்பு என்று சொல்லி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கியிருந்தார்கள். கையில் தண்ணீர் பாட்டிலோடு அவன் வாசல் தாண்டும்போது போன் அதிர ஆரம்பித்தது. வாழ்த்து, வாழ்த்து, மேலும் மேலும் வாழ்த்து.

அதே நிறுவனத்தில் இருந்த ஒருவர் அக்காவைக் கூப்பிட்டு, "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று நடந்ததைச் சொன்னார். அக்கா உடனே தாடிக்குப் போன் போட்டார்.

"டேய், நான் பாவி. இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்காதீங்கக்கா."

"ஏன்டா?"

"அப்பா பார்த்துட்டாரு. சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம எல்லாருக்கும் அனுப்பிட்டிருக்காரு. ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் எழுந்து உட்கார்றாரு. வேற வேலை கிடைக்கட்டும், நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்."

அக்கா சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன நிமிஷத்திலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று.

தெரிந்தே விட்டுவைத்த தப்பு அக்காவின் வாழ்க்கையில் அது ஒன்றுதான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய் அதைப் பார்ப்பார். ஒரு நாள் அதன் கீழே தாடியின் அப்பா எழுதியிருந்தார்: "என் பிள்ளை." வேறு எதுவும் இல்லை. அக்கா போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். அடுத்த வீட்டுக்குப் போய் அவர்கள் சுவரில் கோணலாக இருந்த படத்தை நேராக்கிவிட்டு வந்தார். "நேத்திலேருந்து அந்த ஒரே சட்டையை எத்தனை தரம்மா மடிப்பே? கொடு, நான் போட்டுக்கறேன்" என்றார் கணவர்.

வேலை தேடித் தரலாம் என்றால், யாருக்கு என்று சொல்லாமல் எப்படித் தேடுவது? "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று ஆரம்பித்தால், "பேரைச் சொல்லுங்கக்கா, பார்க்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். இதற்கு நடுவில் புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனத்தார் ஒருவர் பேசினார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"நம்ம தாடி மாதிரி ஒருத்தர் வேணும்க்கா. அவர் எங்க வரப்போறாரு! அசையாம பத்து வருஷம் இருக்காருன்னு நீங்களே போட்டிருக்கீங்களே."

அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொடுத்த வாக்கு தடுத்தது. "கேட்டுப் பார்த்தா என்ன?" என்று மட்டும் சொன்னார். "சும்மா இருங்கக்கா, இருக்கற இடத்துல நல்லா இருக்கட்டும்" என்று அவர் சிரித்தார். அக்காவின் வாழ்த்தே அவன் வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டது.

தாடியிடம் ஓடினார். "அந்தப் பெரிய குரல்காரர் நம்ம குழுவோட அடுத்த கூட்டத்துக்கு வர்றாரு. நீயே போய்க் கேளுடா."

"வேலை போச்சுன்னு சொன்னா, அடுத்த பேச்சு 'ஏன் போச்சு'ன்னு வேற மாதிரி போகும்க்கா. நீங்க வேணா பாருங்க. அதோட, கூட்டத்துல எடுக்கற படமெல்லாம் செய்தியில வரும். அப்பா இப்ப வாரா வாரம் அதைத்தான் முதல்ல படிக்கறாரு."

"சரி, வந்தாவது உட்காரு."

வந்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் "பத்து வருஷமாமே, கலக்கறீங்க!" என்று முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அக்காவின் முதுகில்தான் விழுந்தது. மேடைக்கும் கதவுக்கும் நடந்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார், நேராக இருந்த நாற்காலிகளை நேராக்கினார். அன்று பேச வந்தது அக்காவின் சொந்த மேனேஜர். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தின் முடிவில் வழக்கமாக ஒன்று கேட்பார்கள். அக்கா மைக்கைப் பிடித்து, "ஆள் தேடறவங்க கையைத் தூக்குங்க" என்றார். கைகள் சடசடவென்று எழுந்தன. பெரிய குரல்காரர் இரண்டு கையையும் தூக்கினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"வேலை தேடறவங்க?"

ஒரு கைகூட எழவில்லை. எப்போதும் இப்படித்தான். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்ப்பார்கள். பிறகு டீ குடிக்கும் இடத்தில் காதோடு காதாக, "அக்கா, எனக்கு ஒண்ணு..." என்று ஆரம்பிப்பார்கள். தாடியின் இரண்டு கையும் பாக்கெட்டுக்குள் இருந்தன.

அக்கா மைக்கை மேஜைமேல் வைத்தார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"அக்கா, நீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. மேல் காலைக் கீழே இறக்கி வைத்தார்.

"ஏன், நான் தேடக் கூடாதா? தேடறது என்ன திருட்டா?" என்றார் அக்கா. அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை.

பிறகு கடைசி வரிசையில் ஒரு பெண்ணின் கை எழுந்தது. ஜன்னல் ஓரத்தில் நரைத்த தலைக்காரர் ஒருவர் கையை உயர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. தாடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து முதலில் தாடியைத் தடவிக்கொண்டான். பிறகு அந்தக் கை மெல்ல மேலே போயிற்று.

"தாடி! நீங்களா?" என்று பெரிய குரல்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அடுத்த வாரச் செய்திக்குப் படமெடுக்கும் பெண் அவசரமாகக் கேமராவை உயர்த்தினாள். அக்கா இரண்டே எட்டில் போய் இடது உள்ளங்கையை விரித்து அதன் கண்ணை மூடினார். அரை நிமிஷம் ஓர் இடத்தில் நில்லாத அவருடைய வலது கை, தூக்கியது தூக்கியபடி ஆடாமல் நின்றது.