புதுப் பாதையில் பழைய டீசல் எஞ்சின்

கள்ளக்குறிச்சிக்கு வரும் புது ரயில் பாதையில் ஜல்லி ஏற்றிய மூன்று பெட்டி சரக்கு ரயில் சாலையை மறித்து நிற்கிறது. மின்சார ரயில் வந்துவிட்ட பாதைகளிலிருந்து ஒதுக்கப்பட்ட பழைய டீசல் எஞ்சின், நின்ற இடத்திலேயே உறுமுகிறது. எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். மாலைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் கரும்பு காய்ந்து எடை குறையும் என்று அதன் சொந்தக்காரி செல்வி பதறுகிறார்; இறங்கி எஞ்சின் அருகே போய்க் கேட்கிறார்:

"இன்னா சார், நவுராம நின்னுக்கினு எதுக்கு டீசல கொளுத்துறீங்க?"

எஞ்சின் ஓட்டுநர் ஜன்னலில் தலை நீட்டுகிறார். "அமத்துனா திரும்ப கெளம்பாதும்மா. உங்க டிராக்டரும் ஓடிக்கினுதானே இருக்குது?"

"எங்களுக்கு பேட்டரி வீக்கு சார். உங்களுக்கு நவுர்றதுக்கு இன்னா கேடு?"

"கடைசிப் பெட்டி கதவு சிக்கிக்கிச்சு. ஜல்லி கொட்டுனாத்தான் நவுரச் சொல்லுவாங்க."

அந்தப் பெட்டி சாலைக்கு நேராக நிற்கிறது. தொழிலாளர்கள் கதவை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். செல்வி டிராக்டரிலிருந்து கடப்பாரையை உருவிக்கொண்டு போய் அவர்களோடு சேர்ந்து குத்துகிறார். கதவு திறக்கிறது. ஜல்லி முழுவதும் சாலையில் கொட்டுகிறது. எஞ்சின் ஊதிவிட்டு நகர்கிறது.

முழங்கால் உயரக் குவியல் டிராக்டரின் வழியை அடைக்கிறது. செல்வி பஸ்ஸைப் பார்த்துக் கத்துகிறார்: "இன்னா வேடிக்க? எறங்கி அள்ளுங்க!"

முதலில் நடத்துநர் இறங்குகிறார்.