மூச்சு கேட்காதவள்

சிரிப்பவர்கள் முதலிலேயே சிரித்துவிடுங்கள். போலீஸிடமும் இதையேதான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நேரமெல்லாம் துல்லியமாகச் சொல்வேன். கடிகாரத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான்.

என் வேலை மூச்சுக் கொடுப்பது. தண்ணீருக்கடியில் ஃபேஷன் படம் எடுக்கும்போது மாடலுக்கு நீச்சல் கண்ணாடி கிடையாது, காற்று சிலிண்டர் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். மிதந்துவிடாமலிருக்க கவுனின் ஓரத்தில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்திருப்பார்கள். அவளாக மேலே வரவும் முடியாது. மூச்சு முட்டினால் கையை இரண்டு முறை மூடித் திறப்பாள். ஓரத்தில் காத்திருக்கும் நான் நீந்திப்போய், என்னிடமிருக்கும் இன்னொரு குழாயை அவள் வாயில் வைப்பேன். நான் போகாவிட்டால் கதை முடிந்தது.

அந்த மாடல் என் மனைவி. கேமராக்காரர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், என் மச்சான். ஈவிரக்கம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். தங்கை கண் எரிகிறது என்று வந்து நின்றால், "சிவப்பை கம்ப்யூட்டர்ல வெளுத்துக்கலாம். இறங்கு" என்பார். இவளும் அண்ணன் சொல்லைத் தட்டமாட்டாள்.

முதல் நாள். மதியம் 3.12. சுற்றிலும் கறுப்புத் துணி கட்டிய குளம். என் சிலிண்டரில் காற்றின் அளவு காட்டும் முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது. முறைப்படி மூன்று பேருமே மேலே வரவேண்டும். மச்சான் கையை வீசினார். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவரிடமும் உபரிக் குழாய் இருந்தது. போனேன். புத்திகெட்டுப் போனேன்.

மேலே புது சிலிண்டரின் ரப்பர் வளையம் பிய்ந்திருந்தது. மாட்டியதும் உஸ்ஸ்ஸ்... என்று காற்று பீறிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறொன்றைத் தேடி மாட்டி, மறுபடி இறங்கும்போது 3.20.

எட்டு நிமிடம்.

அவள் உட்கார்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டு. மச்சான் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவள் கையைப் பிடித்துக் கரையேற்றினேன்.

"நல்லவேளை மச்சான், நீங்க மூச்சு குடுத்தீங்க."

"நானா? நீங்க வந்து குடுத்துட்டுப் போனீங்கன்னுல்ல நெனச்சேன்!"

இருவரும் அவளைப் பார்த்தோம்.

"எனக்குத் தேவைப்படல" என்றாள்.

மச்சானுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மாப்ளே! எங்க ரத்தம்!"

அவளால் அதிகபட்சம் இரண்டு நிமிடம்தான் தாங்க முடியும். ஆனால் உயிரோடு வந்துவிட்டாளே, அது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. தலைமுடி காயவில்லை. மூன்று துண்டு மாற்றினேன், தலையணையில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. விளக்கை அணைத்தபோது 10.40. அப்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க மேல போனீங்க?"

"காத்து தீந்துபோச்சும்மா."

"எனக்கும்தான்."

எனக்கு அழுகை வந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேண்டாம், நாளைக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் எனக்கு முன்னால் அவள் கிளம்பி நின்றாள்.

3.02-க்கு இறங்கினோம். நாலு நிமிடம்... அவள் கையை அசைக்கவில்லை. ஆறு நிமிடம்... நானே குழாயை எடுத்துக்கொண்டு போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படத்தில் விழுகிறேன் என்று மச்சான் என்னை விரட்டினார்.

எட்டு... ஒன்பது...

3.12.

கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் தண்ணீரில் எல்லாமே மங்கல். எந்த மாடலாலும் ஆளை நேராகப் பார்க்க முடியாது.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

கையை மூடித் திறந்தாள்.

மறுபடியும்...

பாய்ந்தேன். குழாயை வைத்தேன்.

வாய் திறக்கவில்லை.

தாடை... கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது.

மச்சான் முதலில் கேமராவைக் கரையேற்றினார். அப்புறம்தான் தங்கையைத் தூக்கக் கை கொடுத்தார்.

ஆஸ்பத்திரி. 4.25. டாக்டரம்மா வெளியே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"இவங்க மூழ்கினது இன்னைக்கு இல்ல. இறந்து ஒரு நாள் ஆச்சு. நேத்து மத்தியானத்துல இருந்து உடம்பை எங்க வெச்சிருந்தீங்க?"

மச்சான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என்னைக் கை காட்டினார்.

"இவர்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு."