டிரைவர் கொலை செய்யவில்லை

போன வாரம் கடைக்கு ஒரு புத்தகக் கட்டு வந்தது. பிரித்தேன். மேலாக ஒரு மர்ம நாவல் – மறுபதிப்பு. அட்டை புதுசு, தலைப்பு பழசு. அந்தத் தலைப்பை நான் மறந்திருக்கவில்லை.

நின்றபடியே கடைசிப் பதினாறு பக்கத்தைப் படித்து முடித்தேன். முதல்முறையாக!

அதிலென்ன இருக்கிறது என்கிறீர்களா? இதே கதையின் முடிவை, ஆறு வருடத்துக்கு முன்னால், இதே கவுண்டரில் நின்று ஒருவருக்கு நான் சொல்லியிருக்கிறேன். விலாவாரியாக.

அவர் மேரியக்கா. நல்லம்பள்ளியில் தையல் கடை வைத்திருக்கிறார். நூல், லைனிங் துணி வாங்க தர்மபுரி வரும்போதெல்லாம் என் கடைக்கும் வருவார். மர்ம நாவல் மட்டும்தான் எடுப்பார். படித்துவிட்டு வந்து பேசினால்தான் அவருக்குத் திருப்தி. எனக்கும்தான். "அந்த இன்ஸ்பெக்டருக்கு மூளையே இல்லைங்க தம்பி" என்பார். நான் இன்ஸ்பெக்டருக்கு வக்காலத்து வாங்குவேன். பில் போட வந்தவர்கள் கடுப்பாகும் வரை பேச்சு ஓடும்.

அவருக்கு ஒரே ஒரு குறை. கொலைகாரன் யாரென்று ஒரு தடவைகூட முன்கூட்டியே கண்டுபிடித்ததில்லை. "இந்தவாட்டியும் கோட்டை வுட்டுட்டேங்க" என்று சிரித்துக்கொண்டே அடுத்த புத்தகத்தைக் கேட்பார். ஜெயிக்கப்போகும் அந்த ஒரு தடவைக்காகத்தான் அவர் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குப் புத்தகத்தோடு வேகமாக வந்தார். கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. பைண்டிங்கில் அதற்குப் பதிலாக முந்தைய பதினாறு பக்கத்தையே இரண்டாம் முறை சேர்த்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் எப்போதாவது நடப்பதுதான். ஆனால் கடையில் வேறு பிரதி இல்லை.

"புக்கு அப்புறம் மாத்திக் குடுங்க. நீங்கதான் படிச்சிருப்பீங்களே, யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் இந்தவாட்டி கண்டுபுடிச்சிட்டேன்!"

"யாருக்கா?"

"பொண்டாட்டிதாங்க. ஒரு மாசமா நான் ஊர்லயே இல்லைங்கறா. செத்தவன் போட்டிருந்தது போன வாரம் வாங்குன சட்டை. அதுல நாலு பட்டன் பெருக்கல் குறியாட்டம் தெச்சிருக்கு, ஒன்னு மட்டும் ரெண்டு கோடாட்டம் தெச்சிருக்குன்னு போறபோக்குல எழுதியிருக்காங்க. அப்ப அது வூட்டுல தெச்சது. அந்த ஆளு தானா பட்டன் தெச்சுக்குவானா? அவ வந்திருக்கா தம்பி!"

நான் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை.

'படிக்கலைக்கா' – ஒரே வார்த்தை. வந்ததா வாயில்? புத்தகக் கடையில் நிற்பவன் எதை வேண்டுமானாலும் சொல்வான்... ஸ்டாக் இல்லை, நாளைக்கு வரும், போன வாரம்தான் தீர்ந்தது... 'படிக்கலை' என்று மட்டும் சொல்ல மாட்டான். போதாததற்கு, எனக்குத் தெரியாததை இவர் கண்டுபிடித்துவிட்டாரே என்ற சின்னப் புத்தி வேறு.

"இல்லக்கா... டிரைவர்தான்" என்றேன். பின்னட்டைச் சுருக்கத்தில் ஒரு டிரைவர் வருவது மட்டும் நினைவிருந்தது; பழைய பகை, கள்ளச்சாவி என்று மீதியை அள்ளிவிட்டேன். "பட்டனுக்கும் கொலைக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று ஒரு சிரிப்பு வேறு!

அவர் முகம் வாடிப்போனது. "அப்படிங்களா... எனக்கு மூளை அவ்வளவுதான் போலிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவே இல்லை. செல்போன் வந்து வாசகர்களை விழுங்கிவிட்டது என்று, இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இதே பத்தியில் நான் புலம்பியது நினைவிருக்கிறதா? அவரையும் மனதில் வைத்துத்தான் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

மறுபதிப்பின் கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் அந்தச் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். பட்டனை வைத்தே மனைவியைக் கைது செய்கிறார்.

மறுநாள் நாவலை எடுத்துக்கொண்டு நல்லம்பள்ளிக்கு பஸ் ஏறினேன். மேரியக்கா என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். புத்தகத்தை நீட்டி, "நீங்க சொன்னதுதான் சரிக்கா" என்றேன்.

"தெரியுங்களே. அந்த மாசமே லைப்ரரில எடுத்துப் படிச்சிட்டனே."

"அப்புறம் ஏன்க்கா வரல? வந்து நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல?"

கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "மாத்திச் சொன்னது பெருசில்லைங்க தம்பி. அதுக்கு முன்னாடி அத்தன புக்கப் பத்திப் பேசுனமே... அதெல்லாம் நெசமாலுமே படிச்சிட்டுப் பேசுனீங்களா, சும்மா தலையாட்டுனீங்களான்னு தெரியாமப் போச்சு. எங்க வூட்டுக்காரர்கிட்டகூட நான் அவ்வளவு பேசுனதில்லைங்க."

"இது ஒன்னுதான்க்கா படிக்கல. மத்ததெல்லாம் படிச்சேன்."

"மாட்டுனவங்க எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க. நாமதான் எத்தன நாவல்ல பாத்திருக்கறோம்!"

சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறியிருந்தேன். அது அதற்கு முந்தைய வருடங்களையும் சேர்த்துத் தின்றிருக்கும் என்று தெரியாது.

டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது பார்த்தேன், மெஷின் பக்கத்தில் இந்தப் பத்திரிகை. என் பத்தியைப் படிப்பீர்களா என்று கேட்டேன்.

"வாராவாரம் படிக்கறங்க. எது நெசம், எது நீங்க அள்ளிவுடறதுன்னு கண்டுபுடிச்சிக்கிட்டே."

மேரியக்கா... இந்த வாரம் ஒரு வரிகூட அள்ளிவிடவில்லை.