ஏ பிரிவுக் குரல்கள்

அன்று எட்டாம் வகுப்பு அறையில் என் ஆசிரியர் பயிற்சியின் செய்முறைத் தேர்வுக்கு வந்த தேர்வாளர்கள் இருவர் இருந்தார்கள், என் வழிகாட்டி டீச்சர் இருந்தார், ஏ பிரிவுப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் பயிற்சிக் காலம் முழுக்கப் பாடம் நடத்திய பி பிரிவு மட்டும் இல்லை. அது தெரியாதவன் அங்கே நான் ஒருவன்தான். பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது.

பூதலூர்ப் பக்கம் அந்தப் பள்ளிக்குப் போன முதல் நாள், "இவரு போர்டுல எப்படிங்க எழுதுவாரு?" என்று தயங்கிய தலைமையாசிரியரிடம், "நான் எழுதுறேன் சார், பாடம் அவரு நடத்தட்டும்" என்றவர் அந்த டீச்சர்தான். மேசை, ஜன்னல், பெயர்ந்த தரை என ஒவ்வொன்றையும் என் கையாலும் காலாலும் தொடவைத்தார். கை தூக்காமல் பெஞ்சைத் தட்டிப் பெயர் சொல்லிப் பேசவேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியவரும் அவரே. சீக்கிரமே எல்லாக் குரலும் எனக்குப் பிடிபட்டது. "சார், நான் செந்தில்" என்று ரியாஸ் மூக்கால் பேசி ஏய்ப்பான். "டேய் ரியாஸ், செந்திலுக்குச் சளி போயி ரெண்டு நாளாச்சு" என்பேன். வகுப்பே கொல்லென்று சிரிக்கும்.

தேர்வன்று பாசனப் பாடம். வணக்கம் சொன்ன குரல்கள் அடங்கியிருந்தன. தேர்வாளர்களைக் கண்ட பயம் என்று நினைத்தேன்.

"ரியாஸ், உங்க வாய்க்கால்ல எப்பத் தண்ணி விட்டாங்க?"

ரியாஸ் பெஞ்சைத் தட்டும் திசைக்குக் காதைத் திருப்பினேன்.

"என்னடா, புதுசா வெட்கம்? செந்தில், நீ சொல்லு."

கைக்கெட்டும் தூரத்தில் டீச்சரின் சாக்பீஸ் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தது. கடைசியில் முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி மெல்லச் சொன்னாள்: "சார், நாங்க ஏ செக்‌ஷன்."

பாடத்தைப் பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன்.

தேர்வாளர்கள் போனதும் டீச்சர் வந்தார். "பி பசங்க ஸ்கூல் மானத்தை வாங்கிடுவாங்க தம்பி. அதான் மாத்தினேன். உங்களுக்கும் நல்லதுதானேன்னு..."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொன்னாப் பதறுவீங்க."

கண்ணுள்ள எந்தப் பயிற்சி ஆசிரியருக்கும் அவர் இதைச் செய்திருக்க முடியாது, வாசலிலேயே தெரிந்துபோயிருக்கும். என் குறையை அந்தப் பள்ளியில் முழுதாக அறிந்தவர் அவர் ஒருவர்தான். அதை நம்பித்தான் செய்தார்.

செய்முறைத் தேர்வில் தோற்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்; எனக்கு வேலை கிடைத்ததும் கூலிக்குப் போவதை நிறுத்துவதாக இருந்தார் அப்பா. மறுதேர்வுக்கு ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டும் முதுகுவலியோடு அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தார்.