ஆண் எலியின் வாய்

ஆராய்ச்சி செய்யும் மேடத்தின் கையுறை போட்ட உள்ளங்கையில் கிடந்த எலிக்குட்டி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கண் திறக்காத, முடி முளைக்காத, வேர்க்கடலைப் பருப்பு போல ஓர் உயிர். நார்த்தாமலைக்கு அந்தப் பக்கம், திருச்சி சாலையில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிப்பெட்டி கழுவும் வேலை எனக்கு. எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு அதுவே பெரிய வேலைதான். ஆனாலும் மேடத்தை நான் நம்பவில்லை. குட்டியைப் பார்த்துக்கொள்ளும் குணம் மூளையில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தேடுகிறாராம். அதற்கு எதற்கு எலியின் தலையில் முடி போன்ற கண்ணாடி இழையைச் செருக வேண்டும்?

அப்போது எனக்கு இரண்டாம் கல்யாணம் ஆகிச் சில மாதங்கள்தான். முதல் கணவர் தவறியபோது மகள் கைக்குழந்தை. லாரி ஓட்டும் இவர் அவளைக் கொஞ்சத்தான் செய்தார். எனக்கு அந்தக் கொஞ்சல் மேலேயே சந்தேகம். வீட்டில் அவர் இருந்தாலும் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் விட்டுப் போவேன். அந்த அக்கா தன் மகளின் பிரசவத்துக்காகக் கறம்பக்குடி கிளம்பப்போகிறார் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜோடி சேராத ஆண் எலியிடம் குட்டியை விட்டால் கடித்துக் கொன்றுவிடும் என்று வேலையில் சேர்ந்தபோதே சொல்லியிருந்தார்கள்.

அந்த இழை வழியே வெளிச்சம் பாய்ச்சினால், கடிக்க வந்த எலியே குட்டியை நக்கிக்கொடுக்கும்.

"லைட்ட அணைச்சா என்ன மேடம் செய்யும்?" என்று கேட்டேன்.

என் புலம்பலைத் தினம் கேட்கிறவர் அவர். "எலியப் பத்திக் கேக்குறீங்களா, ஒங்க வீட்டுக்காரரப் பத்தியா?" என்று சிரித்தார். "அந்த எடம் எல்லா எலித் தலையிலயும் இருக்குங்க. பெண் எலியோட சேந்து இருந்து, அது குட்டி போடுற நேரம் வந்துட்டா, லைட்டே வேணாம். ஆணும் மாறிரும்."

"அது பெத்த குட்டிக்குத்தானே?"

"இது வேற பெட்டிக் குட்டிதான். பாருங்க" என்று, கையிலிருந்ததை ஒரு தகப்பன் எலியின் பெட்டிக்குள் விட்டார்.

எலி வந்தது. முகர்ந்தது. வாயைத் திறந்து கவ்வியது. "கடிச்சிருச்சு மேடம்!" என்று அலறிவிட்டேன். அதுவோ குட்டியை அலுங்காமல் தூக்கிப்போய்ப் பஞ்சுக் கூட்டில் வைத்து, அணைத்துப் படுத்துக்கொண்டது. கடிக்கிற வாயும் தூக்குகிற வாயும் திறக்கும்போது ஒன்றாகத்தான் இருக்கின்றன. முடிந்த பிறகுதான் எது என்று தெரிகிறது. முடிந்த பிறகு தெரிந்து என்ன செய்ய?

"எலிய வச்சு மனுசன அளக்காதீங்க. அவரையே பாருங்க" என்றார் மேடம். பார்த்துக்கொண்டேதானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கா கிளம்பிவிட, வேறு வழியில்லாமல் பிள்ளையை வீட்டுக்காரரிடம் விட்டேன். வேலை ஓடவில்லை, பாதியிலேயே பஸ் ஏறிவிட்டேன். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், அவர் கை மகளின் பின்கழுத்தில், சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அப்புறம்தான் அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது.

அவர் கோபப்படவில்லை. "புடிச்சது தப்பா? விட்டுருக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

மேடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். மகள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள். லாரிக்குப் போகாத நாளில் அவர்தான் அவளுக்குத் தலை பின்னுவார். நான் வந்து நின்றால், "போலீஸு வந்துருச்சு பாப்பா, கையத் தூக்கு" என்பார். சீப்போடு அவரும் ரிப்பனோடு அவளும் கையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குத் திரும்புவேன்.

அடுப்படிக் கதவை மட்டும் சாத்துவதில்லை.