மாசெஷ்காவின் ஒரே வரி

ப்ர்னோ நகரத்து அலுவலகம் ஒன்றின் மூன்றாம் மாடியில், போரிவோய் மாசெஷ்கா பதினாறு வருஷம் ஒரே நிரலோடு குடித்தனம் நடத்தினார். லினக்ஸ் கணினிகளில் மென்பொருளைப் புதுப்பிக்கும் நிரல் அது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் கை வைக்காது. ஒரு நகல் எடுத்து, புதியதையெல்லாம் அதில் ஏற்றிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் நகலுக்கு மாறும். ஒன்று பிசகினாலும் நகலைக் கடாசிவிட்டுப் பழையபடியே இருக்கும். அவருடைய கல்யாணத்துக்குக்கூட அந்த வசதி வாய்க்கவில்லை.

முப்பது வயது ஷ்டெபான்கா குழுத்தலைவியாக வந்தாள். வந்த வாரமே, நிரல் முழுவதையும் ரஸ்ட் என்னும் புதுக் கணினி மொழியில் திருப்பி எழுதுவது என்று முடிவானது. மாசெஷ்கா சண்டை போடவில்லை. உணவகத்தில் அவள் எதிரே போய் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நிரலை எழுதினவங்க பட்டியல்ல என் பேரு மட்டும் இருக்கட்டுமே."

"நம்ம விதி தெரியாதா சார்? உங்க வரி ஒன்னாச்சும் மிச்சமிருந்தா பேரு தானா இருக்கும். இல்லேன்னா தானா போயிடும்." அவள் மாவு உருண்டையைக் குழம்பில் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

எந்த வரி யார் எழுதியது என்று கணினியே சொல்லும். தினமும் காலையில் மாசெஷ்கா அதைக் கேட்டுப் பார்த்தார். பிப்ரவரியில் அவருடையதாக மிஞ்சியது நாற்பது வரி. மார்ச்சில் ஒன்பது. ஏப்ரலில் ஒன்று: 'நகல் வட்டில் பதியும்வரை இரண்டு நொடி காத்திரு.' அது தப்பித்துவிட்டது என்று நம்பி, பாவி மனுஷன், இனிப்பு ரொட்டி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

"இன்னைக்கு உங்க பெயர்நாளா பெரியவரே?" என்றான் வீத் என்கிற துடுக்குக்காரன். அந்த ஊரில் ஒவ்வொரு பெயருக்கும் நாட்காட்டியில் ஒரு நாள் உண்டு, அன்று அந்தப் பெயர்க்காரர் இனிப்பு கொடுப்பார்.

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஷ்டெபான்கா அந்த வரியைப் பெரிய திரையில் போட்டாள். பக்கத்திலேயே அவர் பெயர். "இது யாரு எழுதினது?" என்று தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"பெரியவருக்கு மூச்சு வாங்க ரெண்டு நொடி வேணுமாம்!" என்றான் வீத். அறையே சிரித்தது. மாசெஷ்காவும் சிரித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அது வேணும்மா," என்றார் பிறகு. "வட்டு பொய் சொல்லும். எழுதி முடிச்சிட்டேங்கும், முடிச்சிருக்காது."

"அதெல்லாம் உங்க காலத்து வட்டு சார்." எல்லோர் கண்முன்னாலும் அழித்தாள். பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது.

திங்கட்கிழமை, சோதனைக்கு வைத்த முப்பத்தொரு கணினிகள் அரைகுறை நகலுக்கு மாறி, எழுந்திருக்காமலே கிடந்தன. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மதியம் அவருடைய திரைக்கு ஒரு திருத்தம் வந்தது: 'நகல் வட்டில் பதியும்வரை மூன்று நொடி காத்திரு.' எழுதியவர், ஷ்டெபான்கா. கீழே ஒரு குறிப்பு: "மண்டையை உடைச்சுக் காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டோம். சரியான்னு பாத்து ஒப்புதல் குடுங்க சார். நீங்கதானே அனுபவஸ்தர்."

மாசெஷ்கா இரண்டு முறை படித்தார். பிழை ஒன்றும் இல்லை. ஒப்புதல் கொடுத்தார். ஒப்புதல் கொடுப்பவர் பெயர் பட்டியலில் வராது.